பாதியாகும்வரை கொதித்த தண்ணீர்

கரண்ட் போயிருந்த ஒரு சித்திரை மாத இரவில், எட்டரை மணி இருக்கும், எங்கள் வீட்டுக்குள் யாரோ ஒரு மணியை ஒரே ஒரு தடவை அடித்தார்கள். ணங் என்று எழுந்த அந்தச் சத்தம் உடனே அடங்கவில்லை. மங்கள வார்த்தை செபத்தை முதல் சொல்லிலிருந்து ஆமென் வரைக்கும் நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம் நின்றுவிட்டு அதற்கப்புறம்தான் போயிற்று. நேரம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், பயத்தில் நான் அந்தச் செபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபடி கவிழ்ந்துதான் இருந்தன. பூனையும் வந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது என் மகள் தெக்லா பாயில் புரண்டு, முழங்காலைச் சுவரில் இடித்துக்கொண்டாள். மறுபடியும் ணங்.

அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். பக்கத்தில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரிகிற இடத்தில் விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். சின்னதாக, சுத்தமாக, வெண்கலத்திலிருந்து வருவதுபோல வந்தது. பிள்ளை முழிக்கவில்லை. சிரித்துக்கொண்டு தூங்கினாள்.

"ஏங்க, எந்திரிங்க. புள்ள மேலருந்து சத்தம் வருது."

என் வீட்டுக்காரர் இன்னாசி கண்ணைத் திறக்காமலே பேசினார். "பக்கத்து வீட்டு ஜெசிந்தாவுக்கும் போன வாரத்துலருந்து அப்படித்தான் வருதாம். பவுலின் மதினி சொன்னாங்க. காலையில பாத்துக்கலாம், படு எமரன்சி."

காலையில் பார்த்தோம். எங்கள் சந்தியாகப்பர் பேட்டையில் அப்படிப் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்.

எங்கள் பேட்டை பூட்டுக்கு முலாம் போடுகிற பேட்டை. டவுனில் பூட்டு செய்கிறவர்கள் செய்து அனுப்புவார்கள். இங்கே நூற்றைம்பது வீட்டு ஆம்பளைகளும் பாதிப் பொம்பளைகளும் அதை அமிலத்தில் கழுவி, தொட்டியில் முக்கி, சக்கரத்தில் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சத்துப்போன தொட்டித் தண்ணீரைப் பின்னால் இருக்கிற வறண்ட குட்டையில் கொட்டுவார்கள். குட்டை எப்போதும் நிறைவதில்லை, எவ்வளவு கொட்டினாலும் மறுநாளைக்குள் குடித்துவிடும். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கோயில் கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச வருடமாக எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்திருந்தது, சோறு மஞ்சளாக வெந்தது, வெள்ளைத் துணி வெயிலில் காய்ந்தால் ஓரமாகப் பச்சை பூத்தது. "சந்தியாகப்பர் மஞ்சள் பூசிக் குளிக்கிறாரு" என்று கேலி பேசிக்கொண்டு எல்லோரும் குடித்தோம். சொல்லப்போனால் அந்தத் தண்ணீரில் ஒரு தித்திப்பு இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு தம்ளர் கேட்பார்கள்.

பிள்ளைகள் ஓசை எழுப்ப ஆரம்பித்ததும் பேட்டை அதற்குப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் தட்டிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் எந்தப் பிள்ளைக்கு எந்த ஓசை என்று ஆளாளுக்குக் காதுப்பாடமாகிவிட்டது. தெருமுனையில் எவனோ எவனையோ பிடித்துத் தள்ளினால் அடுப்படியிலிருந்தே "டேய், அது ரபேலு முட்டிடா, எவன்டா தள்ளுனது" என்று ஒரு தாய் கத்துவாள். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுவதை விட்டுவிட்டார்கள், ஒளிந்தவன் மூச்சு விட்டாலே முதுகெலும்பு சுவரில் பட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மேஜையைத் தட்டுவதை விட்டுவிட்டு முதல் பெஞ்சில் இருக்கிற பிள்ளையின் முழங்கையை ஸ்கேலால் தொட்டு வகுப்பை அமைதியாக்கினார். பட்டறை முதலாளி ஒருவர் தன் பையனுடைய ஓசை பக்கத்துப் பட்டறைக்காரர் பையனுடையதைவிடக் கட்டை என்று வருத்தப்பட்டு அவனுக்குத் தேன் வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் விளையாட்டோடு போயிருக்கும். ஆனால் எங்கள் கோயில் மணி அதற்கு முந்தின வருடத் திருவிழாவில் கொடியேறுகிற நேரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து அதை அடித்தால் ஓட்டைத் தகரத்தை உதைத்தது மாதிரி இருக்கும். காலையிலும் மத்தியானத்திலும் அந்தியிலும் அந்தத் தகரச் சத்தத்துக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளப் பேட்டைக்கே கூச்சமாக இருந்தது. இந்த நிலைமையில்தான் எங்கள் உபதேசியார் சூசைமாணிக்கம், ஐம்பது வருடம் அந்த மணிக்கயிற்றை இழுத்து உள்ளங்கை காய்த்துப்போன மனுஷர், தச்சர்கள் அடிக்கிற மரக் கொட்டாப்புளி ஒன்றில் பழைய அங்கித் துணியைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார். பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பவுலின் மதினியின் மகள் ஜெசிந்தாவைத் தொட்டதும் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"சாமி நம்ம மணியை எடுத்துட்டுப் புள்ளைங்க மேனியில ஊத்திக் குடுத்திருக்காரும்மா" என்றார்.

மறுநாள் விடியலில் ஏழு வயது ஜெசிந்தாவைக் கோபுரத்துக்கு ஏற்றி, போர்வையில் உட்கார வைத்து, மூன்று மூன்றாக ஒன்பது தடவை தொட்டார். அந்த நாதம் பேட்டையைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டிப் போனது. பால்காரர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். பங்குச்சாமி மட்டும் கொஞ்சம் தயங்கி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்குப் பனி படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. அதோடு தயக்கம் தீர்ந்தது. பவுலின் மதினி தெருவில் நடக்கிற நடையே மாறிப்போனது.

நான் பயந்துகொண்டேதான் இருந்தேன், உபதேசியார் வீடு வீடாக வந்த அன்றைக்குத் தெக்லாவை அவர் கண்ணில் காட்டவில்லை. நான் இந்தப் பேட்டைக்காரி இல்லை. அம்மா அப்பா இல்லாமல் மலையடிவாரத்து கான்வென்ட்டில் போர்டிங்கில் வளர்ந்தவள். சிஸ்டர்மார் எனக்கு இங்கிலீஷும் எம்பிராய்டரியும் எதற்கெடுத்தாலும் பயப்படவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நோய் வராமலிருக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று அறிவியல் எடுத்த சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த இரண்டு கோடும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தெக்லா பிறந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பச்சைத் தண்ணீர் கொடுத்ததே இல்லை. மஞ்சளாக இருக்கிறதே என்று பயந்து ஒரு கொதி கூடுதலாக வைப்பேன். அதற்கும் பயந்து இன்னொரு கொதி. ஒரு பானைத் தண்ணீர் பாதிப் பானை ஆகும்வரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். "தண்ணியில ரசமா வைக்கிற?" என்று பவுலின் மதினி வாசலிலிருந்து கேட்பாள். "கான்வென்ட்டுக்காரி தண்ணியை மன்னிப்புக் கேக்க வச்சுத்தான் விடுவா."

வைகாசி பிறந்ததுமே ஜெசிந்தாவின் வலது கை மணிக்கட்டோடு தொங்க ஆரம்பித்தது. தூக்கச் சொன்னால் தோளைத்தான் தூக்குவாள், கை வாடின கீரை மாதிரிக் கீழே பார்க்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஈறில் நீலமாக ஒரு கோடு ஓடியது, பேனாவால் வரைந்த மாதிரி. அ, ஆ எழுதத் தெரிந்த பிள்ளை, அ எந்தப் பக்கம் சுழியும் என்று மறந்து சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைச் சொன்னபோது பவுலின் மதினி சிரித்தாள். "மணியாப் போனவ எதுக்குடி எழுதணும்?" சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், யாரும் தொடாமலே, ஜெசிந்தா ஒலிக்க ஆரம்பித்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்த பிள்ளை. உதடு மூடியிருந்தது. நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு தாழ்ந்த ரீங்காரம் புறப்பட்டு நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. அதற்கு அப்புறம் அவள் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். உபதேசியார் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நாதம் கனத்துப்போச்சு, இனி இவளால மணி ஆகாது" என்று வருத்தத்தோடு சொன்னார். அப்படியே திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து தெக்லாவைத் தொட்டார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை.

"தாயி, இத்தனை நாளும் இவளை எங்க ஒளிச்சு வச்சிருந்த? பேட்டையிலயே, ஏன், ஜில்லாவுலயே இந்தச் சுத்தம் கிடையாது. சந்தியாகப்பர் திருநாளுக்குத் தேர் மேல இவதான் ஒலிக்கணும்."

மறுநாள் திருநாளுக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். இடுப்பில் தெக்லா, பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர், ஒரு பாட்டில் கொதிக்க வைத்த தண்ணீர். குழந்தைகள் டாக்டர் என்னைவிடச் சின்னப்பெண் மாதிரி இருந்தார். தெக்லாவின் முட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டி, ஓசை அடங்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாசத்துக்கு நாலு பேர் இப்படி வர்றாங்கம்மா, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு சுருதி" என்றார். ரத்தம் எடுத்தார். இரண்டு பாட்டிலையும் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்துப் போனபோது காகிதத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"ஈயம், குரோமியம், நிக்கல். கிணத்துத் தண்ணியில இருக்கக்கூடாத அளவு இருக்கு. இந்த இன்னொரு பாட்டில்ல அதைவிட ரெண்டு மடங்கு இருக்கே, இது எந்தத் தண்ணிம்மா?"

"அது பாப்பாவுக்குக் குடுக்கிறது டாக்டர். கொதிக்க வச்சது."

"எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பீங்க?"

"பாதியாகுற வரைக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். கிருமி செத்துப்போகும் அம்மா, உலோகம் சாகாது, தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, அது பானையிலேயே உட்கார்ந்துகொள்கிறது என்று ரொம்ப மெதுவாக, நான் கீழே விழுந்துவிடக்கூடாது என்பதுபோலச் சொன்னார். நான் விழவில்லை. மூன்று வருடம் நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு பார்த்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, பானையின் அடியில் படிந்த மஞ்சள் செதில், அதைச் சுரண்டிக் கழுவிய தேங்காய் நார், ஆறட்டும் என்று விசிறியது, சங்கில் ஊற்றி ஊட்டியது. பேட்டையிலேயே சுத்தமான நாதம் என் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கவனமாக வளர்த்திருந்தேன்.

இதை எழுதிக்கொண்டு வருகிற நான், இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போய், தூங்குகிற தெக்லாவின் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தத் தண்ணீரை நிறுத்த வேண்டும், முதல் வேலை அதுதான், மருந்தெல்லாம் அதற்குப் பிறகு என்று டாக்டர் சொல்லியிருந்தார். பைபாஸ் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வருகிற பொதுக்குழாய் ஒன்று இருந்தது. தினமும் இரண்டு குடம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். சோறும் பாலும் முட்டையும் எல்லாம் அதில்தான். மருந்து கொடுத்தேன். ராத்திரி அவள் தூங்கினதும் கணுக்காலைத் தட்டிவிட்டுச் செபத்தைத் தொடங்குவேன். முதல் வாரம் ஆமென் வரைக்கும் நின்றது. மூன்றாம் வாரம் முக்கால் செபம். ஐந்தாம் வாரம் பாதியைத் தாண்டவில்லை. இப்படி ஒரு செபத்தைப் பாதியில் விட நேர்ந்ததற்காக யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது.

இன்னாசியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் நிக்கல் தொட்டியில் வேலை செய்கிறவர். படித்துவிட்டு நாலாக மடித்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தார்.

"தொட்டியை மூடச் சொல்லுவாங்க எமரன்சி. நூத்தம்பது வீடு."

"பதினோரு புள்ளைங்க."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? திருநா முடியட்டும். சாமிகிட்ட பேசிக்கலாம்." சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நாளாகவே பொத்தானை என்னைத்தான் போடச் சொல்வார். ஆசையாக இருக்கிறார் என்று நினைத்துப் போட்டுவிடுவேன். அன்றைக்கும் போட்டுவிட்டேன்.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது உபதேசியார் தெருவில் தெக்லாவைத் தொட்டுப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே மாதா சபைப் பெண்கள் ஆறு பேரோடு வந்தார். முன்னால் பவுலின் மதினி, கையில் மூடி போட்ட பித்தளைச் செம்பு.

"தாயி, புள்ளைக்கு நாதம் மங்குது" என்றார் உபதேசியார். அவர் குரலில் கெட்டது எதுவும் இல்லை. காய்ச்சலுக்குக் கஷாயம் சொல்கிற குரல். "நம்ம கிணத்துத் தண்ணி குடுக்கிறதில்லையாமே. ஒன்பது நாள், நவநாளுக்கு மட்டும் குடு. திருநா முடிஞ்சதும் உன் இஷ்டம்."

"அது விஷம் ஐயா. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க."

"நாங்கள்லாம் விஷத்தையா குடிச்சிட்டு உக்காந்திருக்கோம்?" என்றாள் ஒருத்தி. "எழுபது வயசுல எங்க மாமியா செத்துச்சு, அதுவும் பஸ் இடிச்சு."

"கான்வென்ட்டுல படிச்சா சாமியைவிட டாக்டர் பெரிசாப் போயிருவாரு."

"குடுக்க மாட்டேன்" என்றேன். என் குரல் ஸ்கூல் அசெம்பிளியில் ஒப்பிக்கிற குரல் மாதிரி எனக்கே கேட்டது.

பவுலின் மதினி வாசற்படி ஏறினாள். செம்பைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஜெசிந்தா நின்று ரீங்கரித்துக்கொண்டிருந்தாள், தொங்குகிற கையோடு. "என் புள்ள மணியாப் போயிட்டா" என்றாள். "உன் புள்ள மட்டும் புள்ளையாவே இருக்கணுமோ?"

நான் செம்பை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். 

அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் நவநாள் தொடங்கிவிட்டது. எங்கள் பேட்டையில் நவநாளின் ஒன்பது இரவும் யாரும் கதவு சாத்துவதில்லை. சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் தெருத்தெருவாக வருகிறார், எந்த வீட்டில் இறங்க நினைக்கிறாரோ அங்கே இறங்க வேண்டும் என்று கதவை அகலத் திறந்து, வாசலில் குதிரைக்கு ஒரு படி கொள்ளு வைத்துவிட்டுப் படுப்பார்கள். விடிந்து பார்த்தால் கொள்ளு இருக்காது. பேட்டையின் ஆடுகள் ஆடி மாதத்தில் கொழுப்பதும் அதனால்தான் என்று இன்னாசி சொல்வார். சாத்த நினைத்தாலும் எங்கள் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வெளியே தொங்கவிட நாலு திசைக்கு நாலு பூட்டு வைத்திருக்கிற வீடு. கல்யாணமான புதிதில், "இந்தத் துரு பிடிச்சதையா நீ தொடுறது" என்று இன்னாசி உள்தாழ்ப்பாளைக் கழற்றி முலாம் போடப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனவர், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திறந்த கதவுக்கு நேராகப் பாய் போட்டு, தெக்லாவை மடியில் கிடத்தி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடி தூங்குவேன், கழுத்து விழுந்ததும் முழிப்பேன், குழந்தையின் வாயைத் தொட்டுப் பார்ப்பேன், தண்ணீர்க் குடத்தின் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், மறுபடியும் வாயைத் தொட்டுப் பார்ப்பேன். பகலில் பேட்டையே வீட்டுக்குள் வந்து போனது. கொள்ளு கொண்டுவந்தார்கள், மெழுகுவத்தி கேட்டார்கள், பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். எல்லோரும் பிரியமானவர்கள்தான். யாரும் என் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஐந்தாம் நாள் கணுக்காலைத் தட்டினேன். கால் செபத்துக்கு வந்திருந்த ஓசை பாதிச் செபத்துக்கு நின்றது.

ஆறாம் நாள் நான் குழாயடியிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்தேன். தெக்லா வாசற்படியில் உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யார் வீட்டுதோ ஒரு எவர்சில்வர் தம்ளர்.

"யாருடி குடுத்தா?"

"அத்தை."

"எந்த அத்தை?"

"எல்லா அத்தையும்" என்றாள். "தித்திப்பா இருக்கும்மா."

அன்றைக்கு இன்னாசி வந்ததும் நான் அழவில்லை, கத்தவில்லை. "என் தாழ்ப்பாள் எங்கே?" என்று மட்டும் கேட்டேன். "நாளைக்கு" என்று வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நவநாள்ல தாழ் போட்டா பேட்டையில எவனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். கட்டையில போறப்பகூடத் தூக்க வரமாட்டான்" என்றார். நான் தெக்லாவை அவர் மடியில் வைத்து, அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அவள் காலில் தட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சத்தம் முழுவதும் அடங்கும்வரைக்கும் கேட்டார்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம், தேர் புறப்படுகிற நாள். வேட்டுச் சத்தம் கேட்டது. பேண்டு வாத்தியம் கேட்டது. இரண்டு பெண்கள் வந்து வெள்ளைக் கவுனும் காகிதப்பூக் கிரீடமும் கொடுத்து, "அரை மணியில வந்து கூட்டிட்டுப் போறோம், தலை சீவி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெரு திரும்பினதும் இன்னாசி வேகமாக வந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். நாலு வருட முலாம், தாழ்ப்பாள் நிலா மாதிரி இருந்தது.

திருப்புளியை எடுத்து முதல் திருகாணியில் வைத்தார். திருப்புளி கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அவர் கையை நான் பார்த்தேன். மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் கை மாதிரி, வாடின கீரை மாதிரி.

"எத்தனை நாளா?"

"பொத்தான் போடச் சொன்ன நாள்லருந்து" என்றார். "பெரியவங்களுக்கு ஓசை வராது போல. கை மட்டும் போயிருது."

நான் திருப்புளியை வாங்கிக்கொண்டேன். அவர் நல்ல கையால் தாழ்ப்பாளைக் கதவோடு அழுத்திப் பிடித்தார், நான் முறுக்கினேன். எம்பிராய்டரி போட்ட கைக்கு அது எளிதாக வரவில்லை. ஒன்று, இரண்டு. பேண்டு சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மூன்று. நிலையில் மாட்டுகிற வளையத்துக்குத் திருகாணி பிடிக்கவில்லை, பழைய துளையில் தீக்குச்சி சொருகி இறுக்கினேன். நேர்த்திக்காகச் சனங்கள் வீசுகிற உப்பும் மிளகும் தேரில் விழுகிற சலசலப்புக் கேட்டது. "தாயி, நேரமாச்சு, புள்ளையைக் குடு" என்று உபதேசியாரின் குரல், அதே கஷாயக் குரல், வாசலுக்குப் பத்தடியில் கேட்டது.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பவுலின் மதினி உள்ளே வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வருகிறவள், அதனால் அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு கையில் பித்தளைச் செம்பு, கடைசி வாய் தண்ணீர் கொடுத்துக் கூட்டிவரச் சொல்லி. இன்னொரு கையில் ஜெசிந்தா. பிள்ளையின் ரீங்காரம் அறை முழுக்க நிறைந்தது, தண்ணீர்க் குடத்தின் மூடி அதற்கு நடுங்கியது. தெக்லா அடுப்படி மூலையில் கவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

பவுலின் மதினி கவுனைப் பார்த்தாள். திருப்புளியைப் பார்த்தாள். தொங்குகிற கையைக் கக்கத்தில் மறைக்கப்போன இன்னாசியைப் பார்த்தாள், அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தனக்குப் பின்னால் சாத்திக்கொண்ட கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உள்ளேருந்து பூட்டுமாடி?"

"பூட்டும் மதினி."

"அந்தக் குடத்துத் தண்ணி," அவள் குரல் அங்கேயே உடைந்தது, திரும்பப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். "ரெண்டு புள்ளைக்குக் காணுமா?"

"காலையில இன்னும் ரெண்டு குடம் கொண்டாரலாம். நீங்க ஒரு குடம் பிடிச்சா மூணு குடம்."

வெளியே பேண்டு நின்றுவிட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள், முதலில் விரலால், பிறகு கொட்டாப்புளியால். "பவுலினு, என்ன பண்ற உள்ள?" பேட்டையே வாசலில் நின்று காத்துக்கொண்டிருந்தது, தேரும், தேர் மேல் வெள்ளைக் குதிரையும், குதிரை மேல் சந்தியாகப்பரும், வாசலில் கொள்ளும்.

பவுலின் மதினி செம்புத் தண்ணீரைச் சாக்கடைத் துவாரத்தில் கவிழ்த்தாள். ஜெசிந்தாவின் கையை என் கைக்குள் வைத்தாள். தன் முதுகைக் கதவில் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"அப்பப் போடு" என்றாள்.

போட்டேன். டக் என்று ஒரு சத்தம். அது நீளவில்லை, நடுங்கவில்லை, வந்த இடத்திலேயே நின்றது.